மூன்றாவது லோரியின் பட்டியல்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய தாள் தொங்கும். தோட்டத்தின் நிலப்படத்தைப் பார்த்து அவரே வரைந்தது. ஆள்கள் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கட்டம். ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் அந்தக் கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் தேதியைக் குறிப்பார். மருந்து கலக்குகிற மனுஷனுக்கு இந்தச் சித்திர வேலை எதற்கு என்று பெரிய கிராணி கேலி செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்போது கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிராணி. விடிகாலைப் பெரட்டில் ஆள்களின் பெயரைக் கூப்பிடுவதும், எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதி வைப்பதும் என் வேலை. அதனால்தான் டிரெசர் என்னைத் தேடி வந்தார். எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், அவர்களில் யார் யாருக்கு ஏற்கெனவே அம்மை போட்டுவிட்டது என்ற விவரம் அவருக்கு வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் லயம் லயமாக நடந்து அதைச் சேர்த்தோம்.

வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுகளோடு மோதிய மலாயா அவசரகாலத்தின் நடுப்பகுதி அது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிஷன்கள். நான் குடியிருந்த இரண்டாவது டிவிஷன் புக்கிட் பெலிம்பிங் போகிற வழியில் தனியாகக் கிடந்தது. அங்கேதான் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு டிவிஷன்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை. இந்தச் சமயத்தில் எல்லாரையும் ஒன்றாகக் கொண்டுபோய் அடைக்க வேண்டாம் என்று டிரெசர் துரையிடம் கேட்கப் போனார். போவதற்கு முன்னால் என்னிடம் அதை விளக்கினார்.

“அடுப்பு மாதிரிதான் கிராணி. விறகு தீந்தா தானா அணைஞ்சிடும். வந்த புள்ளைக்கு மறுபடி வராது. இங்க இன்னும் வராத புள்ளைங்க கொஞ்சம்தான். துரை என்னடான்னா மூணு அடுப்பு விறகையும் ஒரே எடத்துல அடுக்கப் பாக்குறாரு.”

ஒரு பிள்ளைக்குக் கண்டால் அதனிடமிருந்து ஒட்டிக்கொண்ட அடுத்த பிள்ளைக்குத் தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்த இடைவெளியை வைத்து அவர் சுற்றுச் சுற்றாக எண்ணியிருந்தார். முதல் சுற்றில் இரண்டு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்து நாலு. கடைசிப் புள்ளிக்குப் பிறகு மூன்று வாரம் புதிதாக ஒன்றும் வராவிட்டால் நெருப்பு அணைந்துவிட்டது என்பது அவர் கணக்கு. துரை கத்தினார். ஆனாலும் அந்த மூன்று வாரத்தைக் கொடுத்தார்.

அந்தக் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயது. மூன்றாம் நாள் காதோரத்தில் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. என் மனைவி சொல்லாமலே எழுந்துபோய் அடுப்பில் தாளிப்பை நிறுத்தினாள், படுக்கையில் வேப்பிலையைப் பரப்பினாள். வீட்டில் அம்மா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குச் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. மருந்து, ஊசி என்று போனால் அவளைத் துரத்துவதாக ஆகிவிடும். சொல்ல வேண்டாம் என்று மனைவி அழுதாள். நான் அவள் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஊரிலேயே அந்தத் தாளை என்னைவிட நன்றாக அறிந்தவன் யாரும் இல்லை. சொன்னால் இன்னொரு மூன்று வாரம் தள்ளிப் போகும். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோர் ஒருவரை வீட்டு வாசலில் வைத்துக் காட்டுக்காரர்கள் சுட்டிருந்தார்கள். அடுத்தது கிராணிதான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வேலிக்குள் போக வேண்டும். பயந்தேன், மறைத்தேன்.

குடிபெயர்ந்த அன்று யார் எந்த லோரியில் ஏறுவது என்று பட்டியல் எழுதியது நான். எங்களை மூன்றாவது லோரியில் எழுதிக்கொண்டேன். மகளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தோம். சட்டி பானைகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லை. பக்கத்தில் இடுப்பில் பையனோடு உட்கார்ந்திருந்த பால் மரம் வெட்டுகிற பெண், மகளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு வேப்பிலைக் கொத்து நழுவி விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் பையனின் சட்டைக்குள் செருகினாள்.

“அம்மா தானேங்க. வெளிய சொல்லக் கூடாது. எம் புள்ளயயும் அவளே பாத்துக்கட்டும்” என்றாள்.

பதின்மூன்றாம் நாள் அந்தப் பையனுக்குக் கண்டது. கூடவே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. பிறகு வேலிக்குள் அது பரவிய வேகத்தில் சிவப்புப் பென்சில் தேய்ந்தது. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பையன் மட்டும் நெஞ்சில் சளி கட்டி, ஐந்தாம் நாள் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் டிரெசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் கையெழுத்தில் இருந்த லோரிப் பட்டியலை விரித்து வைத்திருந்தார். முதலில் கண்ட மூன்று பிள்ளைகளும் மூன்றாவது லோரியில் வந்தவர்கள். நாளைப் பின்னோக்கி எண்ணினால் சரியாகக் குடிபெயர்ந்த அன்று போய் நிற்கிறது. அவர்களை விட்டால், அந்த லோரியில் இன்னும் அம்மை போடாத பிள்ளை என்று அவர் கணக்கில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

“கணக்கு தப்பல கிராணி. ஒரு ஆளுதான் கொறையுது. புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?”

தேவலை என்றேன். அவர் துரையிடம் போய்த் தன் கணக்குத்தான் பிசகிவிட்டது என்று சொன்னதாகப் பெரிய கிராணி மூலம் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் பேச்சைத் துரை எதற்கும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ராசா என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். வழியனுப்ப நான் போகவில்லை.

அந்த மகளின் மகள் இப்போது கோலாலம்பூரில் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறாள். நோய் எத்தனை பேருக்குப் பரவும், எப்போது அடங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, வீட்டில் நோயை வைத்துக்கொண்டு யாராவது மறைத்தால் உன் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

“மறைக்கிறவங்க எப்பவும் இருப்பாங்க தாத்தா. அதுக்கும் ஒரு நம்பர் போட்டுக்குவோம்லா” என்று சிரித்தாள்.

அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது. அந்தப் பையனின் பெயர் சன்னாசி. ஒன்றரை வயது. பெரட்டில் கூப்பிடும் வயது அவனுக்கு வரவில்லை. அவன் பெயரை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.