வயிற்றுக்கு என்று சொன்ன மாத்திரை

ஆவடியில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் மின்சார ரயில் இரண்டே இடங்களில்தான் நிற்கும். அண்ணனூர், திருமுல்லைவாயல். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தினமும் காலையில் புதுச் செய்தி போல வந்து இறங்கும். வண்டி நகர்ந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். அண்ணனூரில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஒரு அவசரம்" என்று கூசிக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. அடுத்த வண்டியில் ஏறினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலை எனக்கு. தாமதமாகப் போய்ப் போய் மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார். வயிற்றுக்குப் பார்த்த டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, குடலில் ஒன்றும் இல்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

கோபத்துக்குள் இருந்தது பயம்தான். கல்யாணமாகி ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மாமனார் ஒரு கதை சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் பார்த்த பெண்ணை ஏன் வேண்டாம் என்றார் என்ற கதை.

"ஊடு நல்ல ஊடுதாம்மா. பொண்ணும் லட்சணமாத்தான் கீது. ஆனா அதோட சித்தப்பனுக்கு நட்டு கயண்டுகீதாம். வேணவே வேணாம்னுட்டேன்."

நானும் சிரித்து வைத்தேன். சித்தப்பாவுக்கே அந்தக் கதி என்றால், மருமகளுக்கே நட்டு கழன்றிருப்பது தெரிந்தால் என்ன செய்வார்? அம்மா வீட்டுக்குப் பெட்டியோடு அனுப்பிவிடுவார். என் கணவர் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டுபவர் இல்லை. இதை நான் சும்மா கற்பனை செய்யவில்லை, ரயிலில் வேர்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் எந்தப் புடவையை மேலே வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

ஆனாலும் போனேன். அம்பத்தூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில், சாயங்காலம் மட்டும் உட்காரும் ஒரு பெண் டாக்டர். படியேறும்போது தெரிந்தவர் யாராவது பார்த்தால் ஜாக்கெட் துணி வாங்க வந்தேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"செரோடோனின்னு ஒண்ணு இருக்கும்மா. மூளையில ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்கு சேதி சொல்லணும்னா அதை வெளிய விடும். சேதி போனதும் திரும்ப உள்ள இழுத்துக்கும். அப்படி இழுக்கிறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு, டிரான்ஸ்போர்ட்டர்னு பேரு. நான் தர்ற மாத்திரை அந்த இழுவையை மட்டுப்படுத்தும். செரோடோனின் கொஞ்சம் கூடுதலா வெளிய நிக்கும். அதுக்கப்புறம் மூளை மெதுவா தன்னைச் சரிப்படுத்திக்கும். எப்படின்னு முழுசா எங்களுக்கே தெரியாது. ரெண்டு மூணு வாரம் ஆகும். முதல்ல வயிறு இன்னும் கலக்கலாம், பயப்படாதீங்க."

"வயிறு ஏன் கலக்கணும்?"

"உடம்புல இருக்கிற செரோடோனின்ல பெரும்பங்கு மூளையில இல்லையே. குடல்லதான் இருக்கு. குடல் அசையறதுக்கே அது வேணும்."

எனக்கு உயிர் வந்தது. குடலில்தான் இருக்கிறது என்று டாக்டரே சொல்கிறார்! அப்படியானால் இது வயிற்று மாத்திரைதான். படியிறங்கி வருவதற்குள் வீட்டில் சொல்லவேண்டிய பொய் முக்கால்வாசி உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

இங்கே மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். தொழிற்சாலையை விட்டு வந்தவர் ஸ்டோரை விட்டு வரவில்லை. வீட்டு மருந்துகளையெல்லாம் காலி காப்பித்தூள் பாட்டில்களில் போட்டு, தலை, தொண்டை, வயிறு, முட்டி என்று எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்கியிருந்தார். மருந்து எந்தப் பேரில் வந்தாலும், எந்த டாக்டர் கொடுத்தாலும், அது எந்த உறுப்புக்கு என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. அட்டையைக் கத்தரித்து உரிய பாட்டிலில் போட்டுவிடுவார். யாருக்குத் தலைவலி வந்தாலும் தலை பாட்டிலிலிருந்து ஒன்று வரும், அதுவும் பழைய சரக்குதான் முதலில். தொழிற்சாலைக் குடும்பங்கள் பலவற்றிலும் மருந்து பொதுச் சொத்துதான். எங்கள் வீட்டில் அதற்கு ஓர் அதிகாரியும் இருந்தார்.

"இன்னாமா இது?" என்று என் கையிலிருந்த பையைப் பார்த்துக் கேட்டார்.

"வயித்துக்கு மாமா."

வயிறு பாட்டிலுக்குள் போனது. தனியாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் நரகம். டாக்டர் சொன்னபடியே வயிறு இன்னும் கலங்கியது, படபடப்பு ஏறியது. விட்டுவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பிறகு ஒருநாள் காலை, ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணோடு புடவைக் கடைத் தள்ளுபடியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், அம்பத்தூரில் இறங்கிப் படியேறும்போதுதான் வயிற்றை நினைக்கவே இல்லை என்பதை உணர்ந்தேன். அங்கேயே நின்று அழுதேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள்.

அந்த நிம்மதியும் அதிக நாள் நீடிக்கவில்லை. பாட்டிலில் மாத்திரை சீக்கிரம் குறைவது போல இருந்தது. போட்டதை மறந்து நானே மறுபடியும் போடுகிறேனோ? அப்படியானால் எனக்கு உண்மையிலேயே மூளை பிசகிவிட்டதா? சமையல் செய்யும்போது அலமாரியைப் பார்ப்பேன், பெருக்கும்போது பார்ப்பேன். மருந்தை முன்கூட்டியே வாங்கப் போனதற்கு டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கணவருக்குக் கல்லும் செரிக்கும், அவர் வயிறு பாட்டிலைத் தொடமாட்டார். மாமனாரைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் ஸ்டோர்கீப்பர் ஆயிற்றே.

அந்தச் சமயத்தில் அவர் பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் வருவதைப் பார்த்தேன். முழங்கையில் எங்கோ இடித்துக்கொண்டது பெரிய கருநீலத் திட்டாகப் பரவியிருந்தது. "வயசாச்சும்மா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தவர் வாசல்படியில் அப்படியே சரிந்தார். முகம் வெள்ளைத்துணி போல வெளுத்திருந்தது. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இளம் டாக்டர் ஒருவர் கேள்விகளை அடுக்கினார். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? போகிறது என்று மாமனார் முனகினார், ரெண்டு மூணு நாளாக. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"ஹார்ட்டுக்கு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு" என்றார் என் கணவர். "முட்டி வலிக்கு ஒண்ணு."

"ரெண்டும் சேர்ந்தா வயித்தைப் புண்ணாக்கும். வேற?"

மாமனார் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வயித்துக்கு ஒண்ணு சார். ஊட்லயே ஸ்டாக் கீது. ஒரு மாசமா போட்டுகினு கீறேன்."

டாக்டர் தலையாட்டினார். வயிற்று மாத்திரைதானே, அமிலத்துக்கு ஏதாவது இருக்கும், அது நல்லதுதான் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்த அறையில் இருந்த நான்கு பேரில் அது என்ன மாத்திரை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது ரத்தத்துக்குக் கெடுதலா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் என் குடித்தனம் அத்தோடு முடிந்தது. டாக்டர் கதவை நோக்கி நடந்தார். என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டாக்டர், அது வயித்து மாத்திரை இல்ல" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "என்னோடது. மனநல டாக்டர் எனக்குக் குடுத்தது. செரோடோனினுக்கு."

அவர் சட்டென்று திரும்பி மாத்திரையின் பேரைக் கேட்டார். சொன்னேன்.

"நல்லவேளை சொன்னீங்க. ரத்தத்துல பிளேட்லெட்னு இருக்கு, காயம்பட்டா அடைக்கிறது அதுதான். அதுக்கும் செரோடோனின் வேணும், ஆனா தானா செய்துக்கத் தெரியாது. குடல்லேர்ந்து ரத்தத்துக்கு வர்றதை, மூளையில இருக்கிற அதே டிரான்ஸ்போர்ட்டர் வச்சுத்தான் உள்ள இழுத்துச் சேர்த்துக்கும். உங்க மாத்திரை அதையும் தடுத்துடும். தனியா சாப்பிடுற உங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இவர் மத்த ரெண்டையும் சாப்பிடுறார். புண்ணு அதுங்க பண்ணது, கசிவு நிக்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்."

உடனே மூன்றையும் நிறுத்தச் சொல்லி, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யப் போனார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவுக்குப் போனதும் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்பா செத்திருந்தா?"

என்மேல் கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் ஒரு வருஷமாக ஏன் மறைத்தாய், அப்படி என்ன பயந்தாய் என்று அவர் கேட்காதது எனக்கு வலித்தது. இரண்டு நாள் சாப்பாட்டுக் கேரியரை வாங்குவதும் கொடுப்பதும் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. மனசுக்குள் பெட்டியைத் திரும்பவும் கட்டினேன்.

மூன்றாம் நாள் மாமனார் எழுந்து உட்கார்ந்தார். கணவர் காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த என் மணிக்கட்டை அவர் பிடித்தார். போ என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏம்மா, அந்த மாத்திரைய இனிமே தரமாட்டாங்களா?"

"தரமாட்டாங்க மாமா. உங்களுக்கு ஆகாது. வயித்துக்கு வேற குடுப்பாங்க."

"வயிறு இன்னா வயிறு. அது போட்டு வயிறு ஒண்ணும் சரியாவல." அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அத்தை போனதுலேர்ந்து சாயங்காலம் ஆச்சுன்னா நெஞ்சு படபடன்னு அட்சிக்கும்மா. காரணமே இல்லாம பயம். ஆம்பள, இத்த யார்கிட்ட சொல்றது? உன் மாத்திரைய போட ஆரம்பிச்சி கொஞ்ச நாள்ல அது வுட்டுப் போச்சு. அதான் நிறுத்தாம போட்டேன். நேத்துலேர்ந்து அது திரும்ப வந்துடுமோன்னு கீது."

அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. ரயிலில் என் கை எப்படி வேர்க்குமோ அப்படியே. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மனிதருக்குப் பயந்தா நான் ஒரு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தேன்?

"உன் டாக்டராண்ட என்னையும் இட்டுகினு போறியா? எனக்கு ஆவுற மாதிரி வேற எதுனா குடுப்பாங்களா? பையனுக்கு மட்டும் தெரிய வேணாம்மா."

கதவு திறந்தது. கணவர் காப்பியோடு உள்ளே வந்தார்.

"உங்க அப்பாவும் அந்த டாக்டரைப் பார்க்கணுமாம்" என்றேன். "எனக்கு இருக்கிறதுதான் அவருக்கும்."

கணவர் அப்பாவைப் பார்த்தார். மாமனார் என் மணிக்கட்டை விடாமல், ஆமாம் என்று தலையாட்டினார்.