வாடாத கடைசி வரிசை

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ். தணல் அணைந்து சின்னமனூருக்கு வெளியே நிற்கிறது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பத்துக்கு நாங்கள் அழைத்துப்போகும் என் மகள் உள்ளே தாய் மடியில் இருமுகிறாள். கேட்கத் தாங்காமல் நான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடக்கிறேன்.

"செருப்ப அங்கனயே விடுங்கய்யா" என்கிறார் கொடிக்காலின் சொந்தக்காரர். அவர் கையில் பிடுங்கிய கொடி ஒன்று வாடிக் கிடக்கிறது. வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. முடிச்சைச் சுற்றிக் கறுத்த அழுகல்.

"முடிச்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புழு இருக்காம், விவசாய இலாகாவுல சொன்னாக. புழு மட்டும்னா கொடி தாங்கிரும். அது ஓட்டை போட்ட எடத்துல மண்ணுல கெடந்த பூசணமும் ஏறிருச்சு. ரெண்டும் சேந்தா என்னத்தத் தாங்கும்?"

என் மகளுக்கும் முதலில் வெறும் தட்டம்மைதான். அதில் அவள் துவண்டு கிடந்தபோது நெஞ்சில் சளிக்காய்ச்சல் ஏறிவிட்டது. எனக்குக் கண் கலங்குகிறது.

"என் கொடிக்கு நீங்க ஏன்யா அழுவுறீக?" என்று சிரிக்கிறார். மகளைப் பற்றிச் சொல்கிறேன். சிரிப்பு நின்றுவிடுகிறது.

வாடாமல் மிஞ்சியிருக்கும் கடைசி வரிசைக்குப் போய் ஒரு கை இலை கிள்ளி வருகிறார். "விளக்குல வாட்டி புள்ள நெஞ்சுல போடுங்க."

"உங்களுக்கே மிச்சம் அவ்வளவுதானே?"

"அந்த வரிசையும் வாடுறதுக்குள்ள உங்க புள்ள எந்திரிக்கட்டும்."