அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மெனு எழுதிய சாயங்காலம்

மல்லியும் காய்ந்த மிளகாயும் சட்டியில் வறுபடும் நெடி... மழை சாரலடித்ததால் சன்னலைத் திறக்க முடியவில்லை. கூலாய் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுச் சமையலறை முழுக்க அந்த நெடிதான். அம்மா தும்மிக்கொண்டே வறுத்தார். நான் மேசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சமயம் அது. அப்பாவுக்கு அறுபது வயது நிறைகிறது. வீட்டிலேயே விருந்து, எப்படியும் எழுபது பேராவது வருவார்கள். என் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும் என்பதால் மெனு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அப்பா செனாய் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். அன்று சீக்கிரமே வந்துவிட்டார். தேநீர்க் குவளையோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆட்டுக்கறி பெரட்டல் எழுதுமா. மொதல்ல அதான்."

அம்மா அடுப்பைக் குறைத்தார். "பொறந்தநாளு வெள்ளிக்கிழமை வருது. தவக்காலம் வேற. நம்ம வீட்ல கறியா?"

"அப்ப ஈஸ்டர் முடிஞ்சி வச்சிக்கலாம்லா."

"பொறந்தநாள யாராச்சும் தள்ளி வைப்பாங்களா?"

எழுதியதை அடித்தேன்.

"சரி, மீன் போடு. மீன் சாப்பிடலாம்னு ஃபாதரே சொல்றாரு."

"மீனும் வேணாம். முழுக்க சைவம்," என்றார் அம்மா.

அப்பாவின் முகம் சுருங்கியது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தே பழக்கம். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனார். சாம்பார், அன்னாசிப்பழப் பச்சடி, கத்திரிக்காய் சம்பல், சோயாக்கட்டி தௌஃபூ பெரட்டல், அரிசிச் சேமியா மீகூன், பாயாசம்... நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"கேக்கு முட்ட போடாததா சொல்லிரு."

பேனா நின்றுவிட்டது. அப்பா குவளையைக் கீழே வைத்தார்.

"நம்ம ஆளுங்கள்ல யாரு முட்ட சாப்பிட மாட்டாங்க?"

அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

எனக்கு விஷயம் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ரீட்டா அக்கா, தன்னோடு வேலை செய்த செல்வம் மச்சானைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பத்து பாகாட் ஊருக்குப் போய்விட்டாள். மச்சான் இந்து. அன்றிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொல்வதில்லை. அம்மா மட்டும் சந்தைக்குப் போகும்போது பப்ளிக் போனிலிருந்து பேசுவார். மச்சானின் அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். "வந்தா மூணு பேரும்தான் வருவோம். அத்தைய விட்டுட்டு நான் வர மாட்டேன்," என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அப்பா எழுந்து முன்பக்கம் போனார். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நனையும் வேனையே பார்த்தபடி நின்றார். விருந்தே இல்லை என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தயிர் சாதம் எழுது."

"தயிர் சாதமாப்பா?" எங்கள் வீட்டில் அதை யாரும் விரும்பிச் சாப்பிட மாட்டார்கள்.

"அந்தம்மாவுக்கு வயித்துப்புண்ணு. காரம் ஆகாது."

அம்மா கரண்டியோடு திரும்பினார். "ஒங்களுக்கு யார் சொன்னா?"

"வேன்ல வர்ற பொண்ணு ஒன்னு அவங்களுக்குச் சொந்தம். அப்பப்ப கேட்டுக்குவேன்."

அப்பப்ப... இந்த இரண்டு வருடமும் அவர் விசாரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப போன் யாரு பண்றது?" என்றார் அம்மா.

"நீயே பண்ணு. நான் பேசுனா அது அழுவும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் கூடாரம் போட்டிருந்தோம். மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அப்பா அவளிடம் போனார்.

"பஸ்ல கூட்டமா?"

"இல்லப்பா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். மச்சானின் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, அந்த அம்மாவின் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டு, "வாங்கம்மா, உள்ள வாங்க," என்றார்.

அப்பாவின் நண்பர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னலா, அறுவது வயசுக்குக் கறியே இல்லியா?" என்று புலம்பினார். அப்பா சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் தௌஃபூ வைத்தார். அந்த அம்மாவுக்குத் தயிர் சாதம் பரிமாறியதும் அப்பாதான். மச்சானின் அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அக்காவைத் தேடினால், அவள் சமையலறையில் அம்மாவோடு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், நேற்றுத்தான் இந்த வீட்டை விட்டுப் போனவள் மாதிரி.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அப்பா இருந்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அக்கா வந்தாள்.

இப்போது நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். போன வாரம் என் மகனுக்கு இருபத்தொரு வயது. கேட்டரிங்காரர் வாட்ஸ்அப்பில் பேக்கேஜ் ஏ, பேக்கேஜ் பி என்று அனுப்பினார். சைவ மேசை தனி, அசைவ மேசை தனி. ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சாப்பாட்டைக் குறை சொல்லவே முடியாது.

"யாரு யாருய்யா வராங்க?" என்று அதற்கு முன்பே மகனிடம் கேட்டிருந்தேன்.

"எல்லாரும்தான்மா," என்றான், போனிலிருந்து நிமிராமலேயே.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு அது அப்படியே சுலபமாக இருக்கட்டும்... எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.