பழைய தொட்டிக்குள் இறங்கியவன்

என் மனைவியின் தம்பியை சிமெண்டு வேலைக்குக் கூட்டி வந்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் அவன் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தாய் தகப்பன் போன பிறகு என் மனைவி தூக்கி வளர்த்த ஒரே தம்பி. அவனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருந்தோம்.

ரப்பர் விலை மறுபடி ஏறிய வருஷம் அது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் ஆலையில், வேலை இரண்டு மடங்கானது. கழிவுத் தண்ணீரும் பெருகியது. அதைத் தேக்கித் தெளிய வைக்கும் கான்கிரீட் தொட்டி போதவில்லை. ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது என்று கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் வந்து முறையிட்டார்கள். பழைய தொட்டியை ஒட்டி இன்னொன்று கட்டச் சொன்னார் துரை. அந்த வேலைக்கு நான் மேஸ்திரி.

அந்த இடத்து நாற்றம் இருக்கிறதே, சோற்றை வாயில் வைத்தால் சோறும் சேர்ந்து நாறும். பழைய தொட்டியின் மூடிப் பக்கம் புல்கூடக் கருகிக் கிடந்தது. ஒரு தவளை மல்லாந்து செத்திருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டுத்தான் நூல் பிடித்தேன்.

நாலாம் நாள், கலவை சுமக்கும் பெண்களின் மெட்டி கறுத்துப் போனது. என் மனைவியும் சுமந்தாள். புளி போட்டுத் தேய்த்தால் வெளுக்கும், மறுநாள் சாயங்காலம் பார்த்தால் திரும்பவும் கரி. தொட்டிக்குள் இருந்து வருகிற காற்றுதான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மெட்டி கறுத்தால் புருஷனுக்கு ஆகாது. எங்களுக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான்.

"நீங்க அந்தப் பழைய தொட்டிக்குள்ள எறங்கவே கூடாது. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

"பைத்தியமாடி ஒனக்கு? மேஸ்திரி எறங்காம வேற எவன் எறங்குவான்?"

"எவனாச்சும் எறங்கட்டும். நீங்க வேணாம்."

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தம்பி சிரித்தான். "விடுங்க மாமா, நான் எறங்குறேன். எனக்கு மெட்டி போட்டுக்க ஆளு இன்னும் வரலையே!" அவளும் சிரித்துவிட்டாள். நான் சத்தியம் செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு தொட்டிக்கும் நடுவே இருந்த சுவரில் ஓட்டை உடைத்து இரும்புக் குழாய் வைத்தாயிற்று. குழாயைச் சுற்றிப் புதுத் தொட்டிப் பக்கத்திலிருந்து கான்கிரீட் கொட்டி இறுக்க வேண்டும். அது மறுபக்கம் வழியாமல் இருக்க, பழைய தொட்டிக்குள் ஒருத்தன் நின்று பலகையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டோம். ஆனால் முழங்கால் அளவு சேறு கிடந்தது. மேலே ஒரே ஒரு வாய், ஒரு ஆள் நுழைகிற அளவு.

எங்கள் குடும்பம் ஊரில் கிணறு வெட்டிய குடும்பம். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவோம். அணைந்தால் இறங்க மாட்டோம். அப்படியே தகர விளக்கை விட்டேன். ஆடாமல் அசையாமல் எரிந்தது. "போலாம் மாப்ள" என்றேன்.

அவன் இறங்கினான். வெளியே கலவை போடச் சொல்லிக் குரல் கொடுத்தேன். பலகைத் தட்டில் மண்வெட்டிகள் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் அவன் தலை தெரிந்தது. கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்து நீர் கொட்டியது.

"மாமா, கண்ணு எரியுது. தலைய சுத்துது. செத்த நேரம் காத்தாட இருக்கேனே."

கலந்த கலவை இறுகிவிடும். அந்த ஒன்றுதான் எனக்குக் கண்ணில் தெரிந்தது. "புது மாப்ளைக்கு நாத்தம் ஒத்துக்கலையாக்கும்! போடா, அரை மணி நேர வேல" என்றேன். இந்த வாய்க்கு அன்றே புழு வைத்திருக்க வேண்டும்! அவன் மறுபடி இறங்கினான். அப்போது தொட்டி வாயருகில் நின்றவன் நான் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் கலவைத் தட்டுப் பக்கம் இருந்தார்கள்.

கான்கிரீட் விழத் தொடங்கியது. உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"மாமா, இப்ப நாத்தமே தெரியல."

"அப்பாடா!" என்றேன். சந்தோஷப்பட்டேன், ஐயோ, மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த சட்டி கொட்டியபோது குழாயைச் சுற்றிக் கலவை நிற்கவில்லை. உள்பக்கம் வழிந்து போனது. பலகையை யாரும் பிடித்திருக்கவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. வாய்க்குள் காலை விட்டேன். பலகை அடித்த சீனத் தச்சர் ஓடி வந்து என் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மாத்தி! மாத்தி!" செத்துப்போவாய் என்று மலாயில் கத்தினார். கொக்கி போட்டு அவனை வெளியே எடுக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. சேற்றை மிதிக்க மிதிக்க விஷக்காற்று கிளம்பும், அது முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பிறகு சொன்னார். அதற்கு விளக்கு அணையாதாம்.

அவனை எடுத்துப்போன அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்கள எறங்க வேணாம்னேன். எந்தம்பியைக் கொடுத்து ஒங்களக் காப்பாத்திக்கிட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்."

சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மேலே ஏறி வந்ததையும் நான் திருப்பி அனுப்பியதையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பாரம் இறங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் அவள் தலையைத் தடவி, "ஒம்மேல தப்பில்ல, விடு" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நல்ல மனுஷன் என்று என்னைப் பற்றி அவள் எல்லாரிடமும் சொல்வாள்.