ஆறு வோல்ட் மானம்

பொய்ப்பல் செய்து பிழைக்கும் அந்த மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஒரிஜினல்’.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, மெழுகில் வடித்து, போட்டுக்கொண்டவருக்கே மறந்துபோகும்படி பல்செட் செய்து கொடுப்பார். முன்பல் ஒன்றில் வேண்டுமென்றே லேசாகக் கறை ஏற்றுவார். அப்போதுதான் சொந்தப் பல் மாதிரி இருக்குமாம். அதே கையால் மாலையில் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்துவிட்டு, “இதுல ஒரு நட்டு கூட டூப்ளிகேட் கிடையாது” என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

பழைய வண்டிச் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தும். வண்டி பிறந்தபோது இருந்த பாகங்களே இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஹாரன் அலற வேண்டும். சோதித்துச் சொல்பவர் ஒரிஜினல்தான். பல்லில் சொத்தை பார்க்கும் கொக்கிக் கம்பி ஒன்றை எடுத்துப்போய், ஒவ்வொரு பாகமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

போன வருடம் மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சானின் வண்டியில் பேட்டரியைத் தட்டினார். ‘டிக்’ என்றது.

“பிளாஸ்டிக்கு! வண்டிய வெளிய தள்ளு!”

மச்சான் என்றால் யாரோ அல்ல, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அன்றிலிருந்து அவர் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவும் கணவரோடு அதிகம் பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

இந்த வருடம், கண்காட்சி நெருங்கும் நேரத்தில், ஒரிஜினலின் வண்டியிலேயே பேட்டரி செத்துப்போனது. அந்தக் காலத்துக் கறுப்பு ரப்பர் கூடு மூலையில் கீறல் விட்டு, அமிலம் கசிந்து, கீழே இருந்த இரும்புத் தட்டையும் தின்றிருந்தது. இப்போது வரும் பிளாஸ்டிக் ரகத்தைப் போட்டால் தன் கொக்கிக் கம்பியே தன்னைக் காட்டிக்கொடுக்கும். போடாவிட்டால் ஹாரன் வாய் திறக்காது. கூட்டத்தின் நடுவே வண்டியை வெளியே தள்ளுவது எப்படிப்பட்ட நடை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் தள்ளவைத்தவர்கள் கொஞ்சநஞ்சமா?

பேட்டரிக் கடைக்குப் போனார்.

“ஆறு வோல்ட்டா?” கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். “இருக்கு சார். குழந்தைங்க உக்காந்து ஓட்டுற பொம்மைக் காருக்குப் போடுறது. உங்க கார் என்ன கலரு?”

பழைய இரும்புக் கடைகளில் முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் சங்கத்தில் ஒருவர், அவமானப்பட்ட மச்சான் எங்கெங்கோ அலைந்து ரப்பர் கூட்டு பேட்டரிகள் இரண்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். மச்சான் வேண்டுமென்றே எல்லாரையும் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த மாதிரி இருந்தது.

“வாங்க மாமா. சீட்டு இருக்கா?”

“விளையாடாத மாப்ளே. பேட்டரி ஒண்ணு வேணும்.”

“இருமலுக்கா, சளிக்கா?”

யாரோ சிரித்தார்கள். ஒரிஜினல் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் நானும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன்...”

“சத்தமா எங்க சொன்னீங்க? மைக்ல சொன்னீங்க.”

பிறகு உள்ளே போய், மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்து கையில் கொடுத்தார். “அசல் மாமா. தொறந்து மட்டும் பாக்காதீங்க. காத்துப் பட்டா கெட்டுடும்.”

தெருமுனை திரும்பும்போதே ஒரிஜினலுக்கு உறைத்தது. ஈயம் நிரம்பிய பேட்டரி தோளை இறக்க வேண்டாமா? இது காய்கறிப் பை மாதிரி ஆடிக்கொண்டு வந்தது.

பட்டறை மேசையில் வைத்து அட்டையைப் பிரித்தார். வெளிப்பார்வைக்கு அசல் கறுப்பு ரப்பர் கூடுதான்; அதன் மேல்மூடியைக் கத்தியால் நெம்பினார். உள்ளே மருந்துக்கடைப் பஞ்சு. பஞ்சுக்கு நடுவில், சிரிக்கும் கரடிப் படம் ஒட்டிய பொம்மைக் கார் பேட்டரி.

முதலில் அவருக்கு வந்தது ஆனந்தம். மச்சான் வண்டியிலும் இதே கதையாகத்தான் இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அந்த ஆனந்தம், ஓரமாக நின்ற தன் வண்டியின் காலித் தட்டு கண்ணில் படும்வரை நீடித்தது.

“உள்ள என்ன இருக்கு?” மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அவள் வாய் திறந்து கேட்டதே பெரிய விஷயம்.

“கரடி.”

“பொருத்தமாத்தான் கொடுத்திருக்கான்.”

அவர் கூட்டைத் தட்டிப் பார்த்தார். ‘பொத்’ என்றது. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். இவ்வளவு மட்டமாகவா ஏமாற்றுவது? பஞ்சை அள்ளி எறிந்தார். கரடியைச் சுற்றி, பல் அச்சுக்குக் கலக்கும் மாவை ஊற்றி இறுக வைத்தார். மெழுகில் புகைக்கரி குழைத்து மேல்மூடியை அடைத்தார். முனையோரம் பழைய பேட்டரியில் பூக்குமே வெள்ளை உப்பு, அதையும் தூரிகை நுனியால் வைத்தார், முன்பல்லுக்குக் கறை வைப்பது மாதிரி. மறுபடி தட்டினார். ‘தொம்’. காதுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

கண்காட்சியில் அவர் வண்டியைச் சோதித்தது சங்கத் தலைவர். கொக்கிக் கம்பியைக் கடன் வாங்கித் தட்டிவிட்டு, மைக்கைப் பிடித்தார். “இதுதாங்க பேட்டரி! எல்லாரும் வந்து பாத்துக்குங்க!”

ஹாரன் அலறியது. ஒரிஜினல் தரையைப் பார்த்தார். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

அடுத்து மச்சான் வண்டி. கம்பி பேட்டரியின் அருகே போனது. மூடியின் விளிம்பில் ஒரு நூல் பஞ்சு எட்டிப்பார்த்தது.

“தட்டுங்க மாமா,” என்றார் மச்சான். “ஊரே பாக்குது.”

கம்பி ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, பெட்ரோல் டாங்கைத் தட்டியது.

“ஒரிஜினல்,” என்று முனகினார்.

“காதுல விழல மாமா. மைக்ல.”

மைக்கில் சொன்னார்.

மறுநாள் காலை மச்சான் அக்கா வீட்டுப் படியேறினார், கையில் மாத்திரைப் பெட்டியோடு. “பஞ்சு வெளிய தெரியுது. நீங்களே ஒரு கை பாருங்க மாமா.” அக்கா தட்டுகளைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

மாலையில் வாசலில் சங்கத் தலைவர். கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி, இன்னொரு கையில் கனமில்லாத ஒரு பையைப் பிடித்துக்கொண்டு, தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“பல்லுக்கா, பேட்டரிக்கா?” என்று கேட்டாள் மனைவி.

“ரெண்டுக்குந்தாம்மா,” என்றார் தலைவர்.