என் குழந்தைக்காக மேடையைத் தவறவிட்டவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை. ஓசூரில் பாகலூர் சாலையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில், புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் மேடையேறி, கம்பெனிக்காரர்கள் முன்னால் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசும் கூட்டம் நடந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சுலபமாகக் கிடைத்திருக்கும் போல. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் திரையும் மைக்கும் வைத்திருந்தார்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. நானும் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தபடியே ஓர் ஆப் தயாரித்தேன். கம்பெனி கேன்டீனில் நாளைக்கு எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதை முந்தின நாளே தெரிந்துகொள்வதற்கான ஆப். நான் வேலை பார்த்த இடத்தில் சோறும் சாம்பாரும் அண்டா அண்டாவாகக் குப்பைக்குப் போனதைப் பார்த்து வயிறு எரிந்துதான் இந்த யோசனையே வந்தது.

ஆப் நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. இதற்கிடையில் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்திலும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு வேலையில் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அன்று காலையில்தான் எல்லாம் தலைகீழானது. மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். கணவருக்கு ஷிஃப்டில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன்.

மண்டபத்தில் ஆளாளுக்கு விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டு, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் "ஸோ க்யூட்" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கரை மகள் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அதைப் பிடுங்கியதும் ஆரம்பித்த அழுகை, என் பெயரைக் கூப்பிட்டபோதும் ஓயவில்லை.

குழந்தையோடு மேடையேறுவதா, இப்படியே வெளியே போய்விடுவதா? கண்ணில் நீர் முட்ட நின்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். சுடிதார் போட்டிருந்தார். பேச்சிலேயே கன்னடக்காரர் என்று தெரிந்தது.

"குடும்மா, நான் எத்துக்கறேன். நீ போய்ப் பேசு."

நான் தயங்கினேன். முன்பின் தெரியாதவரிடம் குழந்தையை எப்படிக் கொடுப்பது? அவருக்கு அது புரிந்துவிட்டது. கோபமே வரவில்லை. தன் கைப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார்.

"இதுல என் போன், வண்டி சாவி எல்லாம் இருக்கு. உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கும் ரெண்டு பசங்க இருக்கு. பயப்பட பேடா."

பயப்பட வேண்டாம் என்று கன்னடம் கலந்து அவர் சொன்னதும் குழந்தையைக் கொடுத்தேன். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடியே கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிப் போனார்.

மேடையில் முதல் இரண்டு வாக்கியம் திக்கியது. அண்டா அண்டாவாகச் சோறு கொட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. மேடையை விட்டு இறங்கியதும், ஒரு கம்பெனியின் நிர்வாக மேலாளர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மைக்கில் யாரையோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். என் மடியிலிருந்த அந்தக் கைப்பைக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. அடுத்தவர் பையைத் திறப்பது தப்பு என்று விட்டுவிட்டேன்.

மேலாளர் எழுந்து போனதும் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, ஜெனரேட்டர் சத்தம் கேட்காத ஒரு மூலையில், அவர் மெல்ல ஆடியபடி நின்றிருந்தார். மகள் அவர் தோளில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் ஒழுகி அவர் துப்பட்டா நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை செய்தார்.

அப்போது கூட்டத்தை நடத்துகிறவர் வேகமாக வந்தார். "எங்க மேடம் போயிட்டீங்க? எத்தினி வாட்டி உங்களக் கூப்பிடறது? போன் பண்ணாலும் எடுக்கல. உங்க டைம் முடிஞ்சிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் பேச வந்தவர்! அவர் போன்தான் என் மடியில் அதிர்ந்திருக்கிறது.

"பரவால்ல சார்," என்றார் அவர் மெதுவாக. "மகு இப்பத்தான் கண்ண மூடுச்சு. அடுத்த தடவ பார்க்கலாம்." 'மகு' என்றால் கன்னடத்தில் குழந்தை.

அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்குத் தெரியும்? நடத்துகிறவரிடம் கெஞ்சினேன். விருந்தினர்கள் கிளம்புகிறார்கள், இலை போட்டாயிற்று என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, படியேறி ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன்.

"ஒரு நிமிஷம், தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க. நான் இங்க நின்னு பேசுறதுக்காக என் பிள்ளைய ஒரு அக்கா தூக்கி வச்சிருந்தாங்க. அதனால அவங்க பேச வேண்டியதே போயிருச்சு. அஞ்சு நிமிஷம் உட்காருங்க, அவங்க பேசுறதையும் கேளுங்க."

எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு வாசனை மேலே வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அப்படியும் உட்கார்ந்தார்கள்!

அதற்குள் மேலே வந்திருந்த அவரிடமிருந்து தூங்கும் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். எச்சில் பட்ட துப்பட்டாவோடு அவர் மேடையேறினார். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசினார். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி நிறுத்தத்தில், விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸுக்காகப் பல வருடம் தனியாக நின்றவராம் அவர். பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியாமல் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் பயத்தைச் சொன்னார். பஸ் எங்கே வருகிறது என்று வேலைக்குப் போகும் பெண்களின் போனிலேயே காட்டும் ஏற்பாட்டை, தம்பியின் உதவியோடு செய்திருந்தார். பேசி முடித்ததும் கேள்விகள் நிற்கவே இல்லை. அன்றைக்கே ஒரு கம்பெனி, அதைத் தன் இரண்டு பஸ்களில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தது.

என்னை அவ்வளவு விசாரித்த மேலாளர் அதன்பின் பேசவே இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை, பெங்களூர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் முயற்சி செய்து பார்க்கலாம் என்ற தெம்பு எப்படியோ வந்திருந்தது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அந்த அக்காவே போன் செய்தார்.

"எங்க பஸ் ஆப் ஓடற கம்பெனியில கேன்டீன் எடுத்திருக்கறவரு, தினம் சாப்பாடு வீணாகுதுன்னு பொலம்பறாரு. உன் விஷயம் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வர்றியா?"

அந்தக் கேட்டுக்குள் நான் போனேன். அதுதான் என் ஆப்பை வாங்கிய முதல் கம்பெனி. அதன் பிறகு வேறு சிலவும் வந்தன.

அன்றைய உதவியைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும், "அது என்ன பெரிய விஷயமா, மகுவ எத்துக்கறது?" என்று அவர் சிரித்துவிடுகிறார். அவருக்கு அது சின்ன விஷயமாகவே இருக்கட்டும். மேடையேறும் தன் முறையையும் விட்டுவிட்டு ஒருவர் எனக்காக நின்றார் என்ற நினைப்புதான், தொழிலில் சோர்ந்துபோகிற ஒவ்வொரு நாளும் என்னை மறுபடி எழுந்து உட்காரவைக்கிறது.