என்னைக் கேட்பதை நிறுத்திய பௌர்ணமி

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பேருந்து நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் என் மாமனாருக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் கீழேயே சாப்பாட்டு மெஸ், எதிர்ச்சாரியில் மளிகை மண்டி. இந்த மூன்றையும் மாதத்தில் ஒரே ஒரு நாள், பௌர்ணமி, ஆட்டிவைத்தது. கிரிவலம் வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிய காலம் அது. எவ்வளவு அரிசி எடுத்து வைப்பது, எத்தனை சமையலாட்களைக் கூடுதலாக வரச் சொல்வது என்று பௌர்ணமிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். கூடினால் சோறு வீணாகும், குறைந்தால் வந்தவர்கள் பசியோடு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஆனால் நடந்த எதுவும் எனக்கு மறப்பதில்லை. ஒருமுறை மாமனார் குழம்பி நின்றபோது, "போன வருஷம் பரீட்சை சமயத்துல வந்த பௌர்ணமி மாதிரிதான் மாமா இது. குடும்பமா வரமாட்டாங்க, வயசுப் பசங்கதான் வருவாங்க. சாப்பாட்டைக் கம்மி பண்ணிட்டுப் புரோட்டாவை ஜாஸ்தி பண்ணுங்க" என்றேன். அப்படியே ஆயிற்று. அதிலிருந்து அவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, இந்த வாட்டி இன்னா பண்லாம்?" என்று கேட்பது வழக்கமானது. ஊரே மதிக்கும் மனிதர் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

இரண்டாயிரத்துக்குப் பிறகு என் கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. ஓரகத்தியாக வந்தவள் எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு மதியம் கையில் பேனாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு புரோகிராம் எழுதறேன். லாட்ஜ், மெஸ், மண்டி மூணுலயும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் வைக்கப் போறோம். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஏஜென்ட் இருக்கும். ஆள் இல்ல, அதுவும் புரோகிராம்தான். லாட்ஜ்ல இருக்கறது எத்தனை ரூம் புக் ஆயிருக்குன்னு பாத்துக்கும், மண்டியில இருக்கறது சரக்கு எவ்ளோ இருக்குன்னு பாத்துக்கும். நாம சொல்லாமலே அதுங்களுக்குள்ள கேட்டுக்கும்."

"கேட்டு?"

"முன்னாடி இதே மாதிரி ஒரு பௌர்ணமி வந்துச்சான்னு தேடும். வந்திருந்தா, அப்போ நாம என்ன பண்ணோம், அது சரியா வந்துச்சான்னு பாக்கும். இப்ப எது மாறியிருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி திருத்தி, இப்படிப் பண்ணுங்கன்னு சொல்லும்."

"அதைத்தானே நான் பண்றேன்?"

"அதனாலதான்க்கா உங்ககிட்ட வந்தேன்."

பல மதியங்கள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. யாரும் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. காய்ச்சல் பரவிய மாதம், பஸ் ஓடாத நாள், மழை பெய்து கெடுத்த பௌர்ணமி என்று நானே உற்சாகமாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. மாமனார் சமையற்கட்டைத் தாண்டி நேராக லாட்ஜ் வரவேற்பறைக்குப் போனார். "பொட்டி இன்னா சொல்லுது?" என்று கம்ப்யூட்டரைக் காட்டிச் சின்ன மருமகளைக் கேட்டார். கையில் கரண்டியோடு நான் அவர் பின்னாலேயே போய் நின்றேன்.

"மழையில யாரு மாமா வருவாங்க? பாதி சமைச்சா போதும்" என்றேன்.

ஓரகத்தி திரையைப் பார்த்துத் தயங்கினாள். "மதியத்தை மட்டும் குறைக்கச் சொல்லுதுக்கா. மறுநாள் காலை டிபனைக் கூட்டச் சொல்லுது."

"எதை வச்சு?"

"நீங்க சொன்ன ஒரு மழைப் பௌர்ணமிதான். அன்னிக்கு வந்த கூட்டம் கம்மி, ஆனா வந்தவங்க ஊருக்குத் திரும்ப முடியாம தங்கிட்டாங்கன்னு சொன்னீங்க. இந்த வாட்டி ரூமெல்லாம் ஆந்திராக்காரங்க புக் பண்ணியிருக்காங்களாம். இன்னும் ஜாஸ்தி பேரு தங்குவாங்கன்னு கணக்குப் போட்டிருக்கு."

நான் சொன்னதுதான். எனக்குத்தான் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "அது சொல்றபடியே செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பௌர்ணமி முடிந்த காலையில் மெஸ் நிரம்பி வழிந்தது. ஈர வேட்டிகளை ஜன்னல் கம்பியிலெல்லாம் காயப்போட்டு, ஜனங்கள் பொங்கலுக்குக் காத்திருந்தார்கள். மாமனார் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க சின்ன மருமக போட்ட புரோகிராமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்தப் புரோகிராம் தோற்றிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். தப்பு என்று சொல்லவும் வழியில்லை. அதன் வாயில் இருந்தது என் வார்த்தை.

மதியம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேவிட்டேன். "என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டு, பேரு மட்டும் உனக்கா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "மாமாகிட்ட சொன்னேன்க்கா. எல்லாம் அக்கா சொன்னதுதான்னு சொன்னேன். அவர் காதுல வாங்கல." கொடியில் கிடந்த துணியை உருவியபடியே, "நான் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இந்த வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா எல்லாரும் உங்களைத் தேடிட்டுதான் வருவாங்க. ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. உங்களைப் பாத்தா எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா?" என்றாள்.

அவள்மேல் இரக்கம் வந்தது. எரிச்சலும் போகவில்லை. துணிகளை மடித்து முடித்ததும், "எப்படி அதுல புதுசா ஏத்தறதுன்னு எனக்குக் காட்டு" என்றேன்.

காட்டினாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் என்ன நடந்தது, எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று நானே ஏற்றினேன். என்னுடைய தவறான யோசனைகளையும் ஏற்றச் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவளுக்கு ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்தது. சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைக்க, அவளும் கொழுந்தனும் குடித்தனத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். மாமனார் மறுபடி என்னிடம்தான் வந்தார், ஆனால், "பொட்டியைப் பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டபடி. பல தடவை பார்க்காமலே பதில் சொன்னேன். பிறகு அவர் போனதும் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு திருப்தி, மாறியிருந்தால் ஓடிப்போய்த் திருத்திச் சொல்வேன்.

இப்போது அவள் வங்கிகளுக்கு இதுபோன்ற புரோகிராம்கள் செய்து தருகிறாளாம். மேடைகளில் பேசக் கூப்பிடுகிறார்களாம். கொழுந்தன் போனில் சொல்லும்போதெல்லாம், "ரொம்ப சந்தோஷம்பா" என்பேன். சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச என்னால் முடிவதில்லை.